பொன்னாடை போர்த்திய ஸ்டார்ட்அப்

இன்றைய தேதிக்குத் தொழில் தொடங்குவதில் லாபம் இல்லை. தொழில் தொடங்குகிறவனை வைத்துத் தொழில் நடத்துவதில்தான் லாபம். தொடங்குகிறவனுக்குக் கடன் உண்டு, தூக்கம் கெட்ட ராத்திரிகள் உண்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் "இன்னும் செட்டில் ஆகலையா?" உண்டு. அவனுக்கு ஆலோசனை சொல்கிறவருக்கு மைக் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, நினைவுப் பரிசு உண்டு. ஆலோசனைகளில் அதிகம் விலைபோகும் சரக்கு எது என்று விசாரித்தால், 'ஃபோகஸ்'. சிதறாதே தம்பி. ஒன்றைப் பிடி. மற்றதுக்கெல்லாம் முடியாது என்று சொல்லப் பழகு. இப்படிச் சொல்லி முடித்த கையோடு அடுத்த வாரக் கூட்டத்துக்கும் அவனையே கூப்பிடுகிறார்கள். அவன் முடியாது என்று சொல்லிவிட்டால் 'நெட்வொர்க்கிங் தெரியாத பையன்' என்று பெயர் வாங்குவான்.

மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். கற்பனைதான், ஆனால் சென்னை ஓஎம்ஆரில் எந்தக் காபிக் கடைக்குப் போனாலும் லேப்டாப்பும் கையுமாக இவன் உட்கார்ந்திருப்பான். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். ஊரில் குறுவை நெல்லை அறுத்து நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்புவார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்தால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். மழை வருடங்களில் 22 சதவீதம் வரை தளர்த்துங்கள் என்று மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும், அதற்குள் குவியலுக்கு அடியில் முளைவிட்டிருக்கும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பையன்.

அவன் கண்ணில் பட்டது ஒரு சின்ன விஷயம். ஈரப்பதம் பார்க்கும் கருவி கொள்முதல் நிலையத்தில் இருக்கிறது, களத்தில் இல்லை. வண்டி வாடகை கொடுத்து மூட்டையை இறக்கிய பிறகுதான் விவசாயிக்குத் தன் நெல்லின் கணக்கே தெரியவருகிறது. களத்திலேயே வைத்துப் பார்க்கிற மாதிரி மலிவாக, கையடக்கமாக ஒரு மீட்டர் செய்தால் என்ன? மாதிரி ஒன்றைச் செய்தும் விட்டான். ஊரில் பதினாலு பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார்கள். விவசாயி இன்னும் பிறக்காத ஒரு பொருளுக்கு முன்பணம் கொடுக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய சங்கதி! எந்த முதலீட்டாளரின் கையெழுத்தும் அதற்கு ஈடில்லை.

"குறுவை அறுப்புக்குள்ள வந்துருமா தம்பி?"

"வந்துரும் பெரியப்பா."

இனி அவன் செய்ய வேண்டியது அலுப்பான வேலை. ஒரு ரகத்துக்குச் சரியாகக் காட்டும் மீட்டர் இன்னொரு ரகத்துக்குத் தப்பாகக் காட்டும். ஏடிடி 43 நெல்லுக்கு ஒரு கணக்கு, சிஆர் 1009 நெல்லுக்கு வேறு கணக்கு. காலைக் குளிருக்கு ஒன்று, மதிய வெயிலுக்கு ஒன்று. களம் களமாக ஏறி இறங்கி, நெல்லை அடுப்பில் உலர்த்தி எடைபோட்டு, மீட்டர் காட்டுவதோடு ஒப்பிட்டு, எழுதி, திருத்தி, மறுபடி எழுதி. இதை யாரும் போட்டோ எடுக்கமாட்டார்கள். லிங்க்ட்இன்னில் போட்டால் நாலு பேர் கைதட்டுவார்கள், அதில் இரண்டு பேர் சித்தப்பா மகன்கள்.

அவன் சென்னைக்கு வந்தான். கதை அங்கே கெட்டது.

முதலில் அரசாங்கம். 2016 ஜனவரி 16 அன்று டெல்லியில் 'ஸ்டார்ட்அப் இந்தியா' தொடங்கிவைக்கப்பட்டது. 2022இல் அந்தத் தேதியையே தேசிய ஸ்டார்ட்அப் தினமாக அறிவித்தார்கள். நம் காலண்டரில் அது பொங்கல் விடுமுறைக்குள் விழும். ஒரு வருடம் மாட்டுக்கான நாள், ஒரு வருடம் உழவருக்கான நாள். நிறுவனர் இந்த இரண்டில் யாரோடு சேர்த்தி என்பதை வருமான வரித்துறைதான் முடிவுசெய்தது. 2012 பட்ஜெட்டிலேயே ஒரு ஷரத்தை நுழைத்திருந்தார்கள்: புதுக் கம்பெனி தன் பங்கை 'நியாயமான சந்தை மதிப்பு'க்கு மேல் விற்றுப் பணம் திரட்டினால், அந்த அதிகப்படி அதன் வருமானம், வரி கட்டு. விற்பனையே தொடங்காத கம்பெனிக்கு நியாயமான சந்தை மதிப்பு என்ன? அதை அதிகாரி சொல்வார். ஏஞ்சல் டாக்ஸ் என்று இதற்குப் பெயர் வேறு. ஒரு கையால் குத்துவிளக்கு ஏற்றி மறு கையால் நோட்டீஸ் அனுப்பிய இந்தக் கூத்து 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் முழுதாக ஒழிந்தது. பன்னிரண்டு வருடம்! ஒழித்ததற்கும் மேடை போட்டு நன்றி சொன்னார்கள், நம் ஆட்கள்.

அது பணம் திரட்டியவன் பாடு. திரட்டாதவன் பாட்டுக்குக் காலண்டர் இருக்கிறது. 7ஆம் தேதி டிடிஎஸ். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. ஒரு ரூபாய்க்குக்கூட விற்காத மாதத்திலும் 'ஒன்றும் விற்கவில்லை' என்று அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். விற்காத குற்றத்துக்கு இல்லை, விற்காததை நேரத்தோடு ஒப்புக்கொள்ளாத குற்றத்துக்கு. ஆடிட்டர் போன் செய்வார், ஓடிபி கேட்பார். களத்தில் நெல்லை எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது வருகிற அந்த ஓடிபி பத்து நிமிடத்தில் காலாவதியாகும்.

இருந்தாலும் அரசாங்கத்தைக்கூட மன்னித்துவிடலாம். அதற்குக் குறைந்தபட்சம் தேதி என்று ஒன்று உண்டு. தமிழக அரசின் டான்சீட் போன்ற திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் விதைநிதியும் கிடைக்கிறது, பலருக்கு உயிர்கொடுத்த பணம். மென்டார்களை எதில் சேர்ப்பது?

மென்டார் என்பவர் இருபது வருடம் ஒரு பெரிய கம்பெனியில் சம்பளம் வாங்கியவர். சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு பொழுது போகவில்லை. நம்ம பையன் மீட்டரை மேஜைமேல் வைக்கிறான். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஹார்டுவேர் கஷ்டம் ப்ரோ, டேட்டாதான் தங்கம்" என்கிறார். இரண்டாவது மென்டார், "விவசாயியிடம் பணம் இல்லை, டிரோன் பக்கம் போ." மூன்றாமவர், "கார்பன் கிரெடிட் யோசித்தாயா?" நாலாமவர் நேராக விஷயத்துக்கு வந்தார்: "இதில் ஏஐ எங்கே இருக்கிறது?" நெல்லில் ஈரம் எங்கே இருக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை.

இவர்கள் சொல்வதைக் கேட்டால் பணம் வரும் என்பதுதான் வயிற்றெரிச்சல். அமெரிக்காவில் ஐஸ் டீ விற்றுக்கொண்டிருந்த லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற கம்பெனி, 2017 டிசம்பரில் தன் பெயரை லாங் பிளாக்செயின் என்று மாற்றிக்கொண்டது. செய்தி வெளியான அன்றே பங்கு விலை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. டீயில் சர்க்கரைகூட மாறவில்லை. மறு வருடம் நாஸ்டாக் அதைப் பட்டியலிலிருந்து தூக்கியது. அன்றைக்கு பிளாக்செயின், 2021இல் ஃபேஸ்புக் பெயர் மாற்றியதும் மெட்டாவெர்ஸ், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும் ஏஐ. சுற்றறிக்கை வந்த மாதிரி மொத்த ஊரும் ஒரே நாளில் பிட்ச் டெக்கைத் திருத்தும். நம்ம பையனும் திருத்தினான். பதினேழாவது ஸ்லைடில் மீட்டரின் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கியது.

ஆக்சிலரேட்டர் ஒன்றிலும் சேர்ந்தான். அமெரிக்காவில் 2005இல் ஆரம்பித்த ஒய் காம்பினேட்டர் 7 சதவீதப் பங்கு எடுக்கிறது என்றால் கையில் 1,25,000 டாலர் கொடுக்கிறது. அதன் நம்மூர் நகல்களில் சில பங்கை மட்டும் சரியாகக் காப்பியடித்திருக்கின்றன. டாலருக்குப் பதில் ஒரு மேஜை, வைஃபை பாஸ்வேர்டு, வாரம் மூன்று கட்டாய வகுப்பு. வகுப்புக்கு வராவிட்டால் 'கோச்சபிள் இல்லை' என்று குறிப்பு எழுதுவார்கள். தொழில் நடத்துகிறவனை வகுப்புக்கு வரவில்லை என்று கண்டிக்கும் துணிச்சல் வேறு எந்த நாட்டில் உண்டோ தெரியாது.

இப்போது முதலில் சொன்ன கூட்டங்களில் ஒன்று. சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டல் ஹாலில் நான் உட்கார்ந்து பார்த்தது. தலைப்பே 'ஃபோகஸ்'. அழைப்பில் காலை 9.30 என்று போட்டிருந்தது. பத்தே முக்கால் வரை "சிறப்பு விருந்தினர் கிண்டி தாண்டிவிட்டார்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். கிண்டியை அத்தனை முறை தாண்டிய மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருக்கமுடியாது. வந்தார். குத்துவிளக்கின் ஐந்து முகத்துக்கு ஐந்து பிரமுகர்கள். ஏசி காற்றில் இரண்டாவது திரி அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள், போட்டோகிராபர் "சார், ஒன் மோர்" என்றார், அணையாத திரிகளையும் ஏற்றுவதுபோல் ஒருமுறை நடித்தார்கள். பிறகு பொன்னாடை. போர்த்துகிறவரும் போர்த்தப்படுகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இரண்டு பேரும் கேமராவைப் பார்த்தார்கள். ஸ்பான்சர் வங்கியின் மேலாளர் ஐந்து நிமிடம் பேச ஏறி, புதிய கிரெடிட் கார்டு பற்றி இருபது நிமிடம் பேசினார். ஃபோகஸோடு.

குழு விவாதத்தில் நாலு பேர். ஒருவர் பதினோரு கம்பெனிகளில் ஆலோசகர் என்று பெருமையோடு அறிமுகப்படுத்தப்பட்டார். ஒரே விஷயத்தில் ஊன்றி நிற்பது எப்படி என்று அவர்தான் முதலில் பேசினார். நடுவே அவருடைய போன் அடித்தது, எடுத்தார், "மீட்டிங்ல இருக்கேன், சொல்லுங்க" என்று கேட்டும் கொண்டார். இன்னொருவர் காலை நாலரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பது பற்றி விளக்கினார். எங்கள் தெருப் பால்காரர் முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறார், இதுவரை அதனால் எந்தக் கம்பெனியும் யூனிகார்ன் ஆகவில்லை. சபையில் இருந்த பையன்களும் பெண்களும் குனிந்து லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் ஒரு வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஹாலில் கவனத்தோடு ஒரு வேலை செய்தது அவர் ஒருத்திதான். "மேடையில் பேசும்போது மரியாதைக்காவது நிமிர்ந்து பாருங்கள்" என்று மாடரேட்டர் கடிந்துகொண்டார். மூன்று மணிக்கு, நேரத்தின் அருமை கருதி, கேள்வி நேரம் ரத்து.

இந்த நேரத்தின் அருமை தெரிந்த கூட்டத்தைவிட ஆபத்தான ஆள் ஒருவர் உண்டு. பெரிய கம்பெனியின் 'இன்னொவேஷன்' பிரிவுக்காரர். "உங்க மீட்டர் சூப்பர். நம்ம அரிசி ஆலைகள்ல ஒரு பைலட் பண்ணிடுவோம்." பைலட் என்றால் இலவசம். மூன்று மாதம் என்று ஆரம்பித்து எட்டு மாதம் ஓடும். அவர்கள் கேட்பது நெல்லுக்கான மீட்டர் இல்லை, தவிட்டுக்கும் உமிக்கும் பாய்லர் தண்ணீருக்கும் சேர்த்து ஒன்று. அதையும் ராவும் பகலுமாகச் செய்து கொடுத்தால், வெண்டர் பதிவுக்குப் போன மூன்று வருட பேலன்ஸ் ஷீட் கேட்பார்கள். கம்பெனி பிறந்தே பதினாலு மாதம்தான். ஒருவழியாக பர்ச்சேஸ் ஆர்டர் வந்து, பொருள் போய், பில் போட்டால், அங்கே புதுக் கதை ஆரம்பிக்கும்: "அக்கவுன்ட்ஸ்ல கேட்டுச் சொல்றேன்." "சிஸ்டம் மாத்துறாங்க." "சார் லீவு."

சிறு தொழில்களுக்கு 45 நாளைக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டியில். படிக்க எவ்வளவு இனிமையான சட்டம்! அந்த வட்டியைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், அடுத்த ஆர்டர் உங்களுக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆகவே நிறுவனர் செய்வதெல்லாம் வாரம் இரண்டு முறை வரவேற்பறை சோபாவில் போய் உட்கார்வது. எதிரே சுவரில் பெரிய எழுத்தில் அந்தக் கம்பெனி நடத்தும் ஸ்டார்ட்அப் போட்டியின் போஸ்டர். முதல் பரிசு, அவனுக்கு வரவேண்டிய பாக்கியில் பாதி.

2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நாடே சண்டை போட்டது. நம்ம பையன் 90 மணி நேரம் உழைக்கிறான் ஐயா. அதில் மீட்டருக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

சிதறினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்த நாட்டில் பாடம் இல்லாமல் இல்லை. பைஜூஸ் என்ற பாடம் சொல்லிக்கொடுக்கும் கம்பெனியே அந்தப் பாடத்தை எடுத்தது. குழந்தைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. 2020இல் 30 கோடி டாலருக்கு ஒயிட்ஹாட் ஜூனியர், 2021இல் ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு ஆகாஷ், இன்னும் வெளிநாட்டுக் கம்பெனிகள், கிரிக்கெட் அணியின் சட்டை, கத்தார் உலகக் கோப்பை விளம்பரம். 2022 அக்டோபரில் 2,500 பேரை வேலையைவிட்டு அனுப்புவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே மெஸ்ஸியை விளம்பரத் தூதராக அறிவித்தார்கள். 2,200 கோடி டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட கம்பெனியை 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு இழுத்தது யார் தெரியுமா? கிரிக்கெட் வாரியம். சட்டையில் பெயர் போட்ட பாக்கி, 158 கோடி ரூபாய். கணக்கு வாத்தியாரைக் கணக்கில் ஃபெயிலாக்கியது சட்டை. அந்த 2022 வரைக்கும் இதற்கு 'வளர்ச்சி' என்றுதான் பெயர். கைதட்டியவர்களில் ஒருவர்கூட மைக்கைக் கீழே வைக்கவில்லை.

ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கதை பேச்சுக்குச் சுவையாக இராது. ஐஐடி மெட்ராஸில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் ஏதர் எனர்ஜியை ஆரம்பித்தார்கள். முதலில் பேட்டரி என்று நினைத்து, அதைப் போட நல்ல வண்டி இல்லை என்று தெரிந்து, ஸ்கூட்டர் பக்கம் வந்தார்கள். 2016இல் வண்டியை உலகத்துக்குக் காட்டினார்கள். விற்பனைக்கு வந்தது 2018இல். அதாவது ஐந்து வருடம், ஒரு ஸ்கூட்டர். அந்த ஐந்து வருடத்தில் பேட்டரிக்கு எவ்வளவு சூடு ஆகும், மழையில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் இன்றைக்கு எல்லா மேடையிலும் மூன்று நிமிடக் கதையாகச் சுருக்கி, கதாநாயகனாக நம்பிக்கையைப் போடுகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம்ம பையனை அப்பாவி என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அவனை யாரும் கையைக் கட்டி மேடைக்கு இழுத்துப் போகவில்லை. களத்தில் நிற்கிற பெரியப்பா, "மிசினு தப்பா காட்டுது தம்பி" என்று மூஞ்சிக்கு நேரே சொல்வார். மேடையில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள், அங்கே 'இன்ஸ்பைரிங்' என்பார்கள். இரண்டில் எந்த இடம் இனிக்கும்? அவனுக்கு இனித்தது. '40 வயதுக்குள் 40 பேர்' பட்டியலுக்குப் பணம் கட்டினான். பாட்காஸ்ட் இரண்டு. கழுத்தில் விதவிதமான அடையாள அட்டை, வீட்டுக் கதவில் கொத்தாகத் தொங்குகிறது. குறுவை அறுப்பு வந்தபோது அவன் வேறு ஊரில் 'வேளாண்மையின் எதிர்காலம்' என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தான். மேட்டூர் அணை திறக்க அரசு ஜூன் 12 என்று ஒரு தேதி வைத்திருக்கிறது. நாற்றுக்கும் கதிருக்கும் தேதி உண்டு. இவனிடம் மட்டும் ரோடுமேப் இருந்தது.

பெருங்குடியில் வாடகைக்கு எடுத்த மாடியறையில் இவனை நம்பி வந்த மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி அறந்தாங்கியிலிருந்து வந்தவள். சர்க்யூட் போர்டை ராத்திரி பதினொன்று வரை சூடுவைத்து ஒட்டியவள். சம்பளம் முதல் மாதம் 5ஆம் தேதி, அடுத்த மாதம் 12, அதற்கடுத்த மாதம் 'இந்த வாரம்'. நாலாவது மாதம் சம்பளத்துக்குப் பதிலாகக் கம்பெனியின் பங்கு கொடுத்தான். ஹாஸ்டல் வார்டன் பங்கு வாங்கமாட்டார் என்று அவள் சொன்னபோது, "உனக்கு ஃபவுண்டர் மைண்ட்செட் இல்லை" என்றானாம். வெயிலில் நின்று மீட்டரைச் சரிபார்க்கப் போகாதவன் இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் மனநிலையைச் சரிபார்க்கிறான். இவன் கவனம் சிதறினால் இவனுக்கு அனுபவம். அவளுக்கு நாலு மாத வாடகை பாக்கி, வேலைபார்த்த சான்றிதழும் இல்லை.

கம்பெனியை மூடினான். மூடுவதற்கும் விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய், அதற்கும் ஓடிபி. மூடிய அன்று லிங்க்ட்இன்னில் நீளமாக ஒன்று எழுதினான்: தோல்வி கற்றுக்கொடுத்த ஏழு பாடங்கள். இரண்டாவது பாடம் ஃபோகஸ். மூவாயிரம் பேர் கைதட்டினார்கள், மீட்டர் செய்த காலத்தில் கைதட்டிய நாலு பேரும் சேர்த்துத்தான்.

இப்போது அவன் மென்டார். ஆரம்பநிலை நிறுவனர்கள் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று ஒருநாள் பயிலரங்கு நடத்துகிறான். கட்டணம் 4,999 ரூபாய், ஜிஎஸ்டி தனி, மதிய உணவு உண்டு. பதினாலு பேரின் அட்வான்ஸ் 14,000 ரூபாய் இன்னும் திருப்பித் தரப்படவில்லை. முன்கூட்டியே பணம் கட்டுகிறவர்களுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருக்கிறது. பெரியப்பா கேட்டுப் பார்க்கலாம், அவர் கட்டி இரண்டு வருடம் ஆகிறது.